தொம்மையின் ஈரம்

சிப்பித்துறைக்காரர்களிடம் போய்த் துணி நடந்த கதையைக் கேட்டால் ஆளுக்கு ஒரு மாதிரி சொல்லுவார்கள், அவரவர் பங்கைக் கூட்டியும் குறைத்தும் சொல்லுவார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். நான் பிலோமி, கடற்கரையில் கருவாடு காயப்போட்டுப் பிழைக்கிறவள், வாய் நீளம் என்று ஊரில் பேர் எடுத்தவள். அந்த வாயால் நான் சொன்ன ஒரு யோசனையால் ஒருத்தி பட்ட பாட்டைத்தான் சொல்லப்போகிறேன், கேட்டுவிட்டு என்னைத் திட்டுகிறவர்கள் தாராளமாகத் திட்டிக்கொள்ளலாம்.

அது தொடங்கினது ஒரு சித்திரை மாசத்துத் திங்கட்கிழமை, பதினோரு மணி வெயிலில். ஞாயிற்றுக்கிழமை கழற்றின துணியையெல்லாம் திங்கட்கிழமை துவைப்பது எங்கள் ஊர் வழக்கம் என்பதால் தெரு நீளத்துக்கும் கொடி கட்டி, கைலியும் சட்டையும் பாவாடையும் பள்ளிக்கூடத்து உடுப்புமாகச் சொட்டிக்கொண்டு கிடந்தன. வெயில் ஏற ஏற அவை காய்ந்தன. காயும்போது எழும்புகிற ஈரம் எப்போதும்போல மேலே போய் ஒன்றுமில்லாமல் ஆகாமல், சட்டையிலிருந்து எழும்பினது சட்டைக்காரனின் உயரத்துக்கும், பாவாடையிலிருந்து எழும்பினது பாவாடைக்காரியின் உயரத்துக்குமாக, உலை கொதிக்கும்போது வருமே அந்த மாதிரி வெள்ளையாக, ஆனால் கொஞ்சமும் சூடில்லாமல், தரையில் இறங்கி நின்றது. முகம் கிடையாது. நிழல் கிடையாது. கொஞ்ச நேரம் தள்ளாடி நின்றுவிட்டு, வழி தெரிந்த ஆட்களைப்போல ஆளுக்கொரு பக்கமாக நடக்கத் தொடங்கியது. அடுப்பில் வைத்ததை மறந்துவிட்டு நாங்கள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்ததில் அன்றைக்குப் பாதி வீட்டில் குழம்பு அடிப்பிடித்துப் போயிற்று.

கோயில்பிள்ளையின் கைலியிலிருந்து எழும்பினது நேரே வலைக்கூடத்துக்குப் போய், அங்கே சீட்டு விளையாடிக்கொண்டிருந்த கோயில்பிள்ளையின் முதுகில் புகுந்தது. அவன் சிலிர்த்துத் தும்மி, "எவம்ல எம் முதுகுல தண்ணிய ஊத்துனது?" என்று கத்தினான். அவ்வளவுதான் நடந்தது. யாருக்கும் நோவில்லை, காய்ச்சலில்லை. எந்த உடம்பிலிருந்து வேர்த்து வந்ததோ அந்த உடம்பைத் தேடித் தண்ணீர் திரும்பிப் போகிறது என்பது சாயங்காலத்துக்குள் சின்னப் பிள்ளைகளுக்குக்கூடப் புரிந்துவிட்டது.

அதற்கு ஒரு பேர் வேண்டியிருந்தது. ஆவி, ஆவி என்றுதான் முதல் ஒரு வாரம் சொல்லிக்கொண்டு திரிந்தோம். கோயில் உபதேசியார் ஞானப்பிரகாசம் காதில் அது விழுந்ததும் மனுசன் கொதித்துப்போனார். "ஆவின்னு சொல்லப்பிடாது. ஆவின்னா அது பரிசுத்த ஆவி ஒண்ணுதான். அது புறா மாதிரி வரும், கைலி மாதிரி வராது" என்று ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மைக்கில் சொன்னார். அதனால் ஈரம் என்றே சொன்னோம். "உன் ஈரம் வந்துட்டா?", "என் ஈரம் இன்னும் வரல, வானம் மூடிக்கிடக்குல்லா" என்று பேச்சும் அதற்குத் தகுந்த மாதிரி ஆகிவிட்டது.

ஒரு மாசத்துக்குள் எல்லாம் பழகிப்போயிற்று. பள்ளிக்கூடத்தில் மூன்றாவது பீரியட்டுக்கு ஜன்னலையெல்லாம் திறந்து வைத்தார்கள், ஏனென்றால் பிள்ளைகளின் நேற்றைய உடுப்பு அந்த நேரத்துக்குத்தான் காயும், வெளியே நாற்பது ஈரம் சுவரோடு சுவராக நின்றுகொண்டிருந்தால் எந்தப் பிள்ளைக்குப் பாடம் ஏறும்? மெக்கானிக் வின்சென்டின் ஈரம் அவன் வேலைபார்க்கிற துறைமுகத்துக்குப் போகாமல் மூன்றாம் தெருவில் ஒரு பச்சைக் கதவுக்குள் நுழைந்ததும், அவன் பெண்டாட்டி வாளியும் கையுமாகப் பின்னாலேயே நுழைந்ததும், அதற்குப் பிறகு எங்கள் ஊர் ஆம்பளைகள் பலபேர் தங்கள் துணியைத் தாங்களே துவைத்து வீட்டுக்குள்ளேயே காயப்போடக் கற்றுக்கொண்டதும் தனிக்கதை. காலேஜ் வாத்தியார் ஒருவர் பெட்டி நிறையக் கருவிகளோடு வந்தார், தன் பனியனைத் துவைத்துக் கொடியில் போட்டார், அது இறங்கி வந்து அவர் நெஞ்சுக்குள் புகுந்தது, அடுத்த பஸ்ஸில் ஏறிப் போனவர் திரும்பி வரவேயில்லை.

என் பாடுதான் பெரும்பாடு. மீனுக்கும் அதே சட்டம்தானே? மத்தியானம் ஆனால் போதும், மணலில் விரித்துப் போட்ட சாளையிலிருந்தும் வாளையிலிருந்தும் எழும்புகிற ஈரம் முழங்கால் உயரத்துக்கு மீன் மீனாக, கூட்டம் கூட்டமாகத் திரண்டு, ஒரு சின்னச் சத்தம்கூட இல்லாமல் கடலைப் பார்த்து நீந்திப்போகும், நான் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நிற்பேன், பூனைகள் பைத்தியம் பிடித்து அதற்குள் பாய்ந்து பாய்ந்து ஈர மூஞ்சியோடு வெறுவயிற்றோடு திரும்பி வரும். எத்தனை நாள் பார்த்தாலும் அந்த நேரத்தில் எனக்குப் பிடரி மயிர் குத்திட்டு நிற்கும்.

வைகாசியில் லாசர் சார் இறந்துபோனபோது இன்னொன்றும் தெரிந்தது. அவர் கடைசியாகக் கட்டியிருந்த வேட்டியை மகள் துவைத்துப் போட்டாள். எழும்பின ஈரம் யார் வீட்டுக்கும் போகாமல் கல்லறைத் தோட்டத்துக்குப் போய், முந்தாநாள் மூடின மண்மேல் நீட்டிப் படுத்து, மெல்ல உள்ளே இறங்கிவிட்டது. உயிரோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் உடம்பு கிடக்கிற இடத்துக்கு ஈரம் போகும். அந்த மகள் ஆசைப்பட்டு அதே வேட்டியை மறுபடி மறுபடி நனைத்துக் காயப்போட்டுப் பார்த்தாள், ஒன்றும் எழும்பவில்லை, வெறும் தண்ணீருக்குத் தேட ஆளில்லை. ஒருதடவை எழும்பினால் எழும்பினதுதான்.

தொம்மையின் பெண்டாட்டி ராக்கினியைச் சொல்ல இவ்வளவும் சொல்ல வேண்டியிருக்கிறது. மோட்சராக்கினி என்று ஞானஸ்நானப் பேர், என் வீட்டுக்கு அடுத்த வீடு, ஐஸ் கம்பெனியில் இறால் உரிக்கிற வேலை, கல்யாணமாகி இரண்டு வருஷம். தொம்மை ஆறடி ஆள், எங்கள் வீட்டுக்குள் வந்தால் நிலையில் இடிக்காமல் குனிந்துதான் வருவான், வாயில் எப்போதும் ஒரு சிரிப்பு. ஆடி மாசம் அவனுக்கும் தம்பி சலேத்துக்கும் வலையைப் பிரிப்பதில் சண்டை முற்றி, "இனி இந்த ஊர்ப்பக்கமே தலவச்சுப் படுக்கமாட்டேன்" என்று தெருவுக்கே கேட்கக் கத்திவிட்டு, விடியக் கருக்கலில் தன் சின்ன வள்ளத்தை எடுத்துக்கொண்டு தனியாகத் தூண்டிலுக்குப் போனான். பத்து மணிக்குக் கச்சான் என்கிற மேல்காற்று தலைகீழாக அடித்தது. மற்ற வள்ளமெல்லாம் கரை வந்தது, அவன் வரவில்லை. நாலு நாள் தேடினார்கள், ஒரு பலகைகூடக் கிடைக்கவில்லை.

முந்தின நாள் அவன் கழற்றிப்போட்ட நீலக்கட்டம் போட்ட முழுக்கைச் சட்டை, சேதி வந்தபோது ராக்கினியின் வாளியில் சோப்புத் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தது. மற்ற உடுப்பெல்லாம் ஏற்கெனவே துவைத்துக் காய்ந்து, அதன் ஈரமெல்லாம் அவனிடமே போய்ச் சேர்ந்திருந்தது. அவனுடைய வேர்வை மிச்சம் இருந்தது அந்த ஒரு சட்டையில்தான்.

"காயப்போடு பிள்ள. அரைமணி நேரத்துல தெரிஞ்சிரும்" என்றார்கள், துக்கம் கேட்க வந்தவர்கள்.

அவள் வாளியை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், எழுந்திருக்கவேயில்லை. எல்லோரும் போன பிறகு என்னிடம் சொன்னாள்: "கடல் பக்கம் நடந்துட்டா நான் என்னக்கா செய்வேன்? ரோட்டுப் பக்கம் நடந்துட்டா மட்டும் என்ன செய்வேன், வேற எங்கயோ கரையேறி, என்னய வேண்டாம்னுட்டுல்லா போயிருக்காவன்னு ஆகும். வாளிக்குள்ள கெடக்க வரைக்கும் அவுக ரெண்டும் இல்ல."

எனக்கு அவளைப் பார்க்கப் பார்க்க மனசு தாளவில்லை. ஐந்தாம் நாள் வாளியிலிருந்து வாடை வரத் தொடங்கியது. அப்போதுதான் இந்த வாய் அந்த யோசனையைச் சொன்னது.

"ஏட்டி, இப்படியே போட்டேன்னா துணி அழுகி நூல் நூலாப் போயிரும். தெனமும் தண்ணிய மாத்து. நல்லா அலசிப் பிழிஞ்சு, புதுத்தண்ணியில போடு. காயாமப் பாத்துக்கிட்டாப் போதும்லா?"

அவள் அப்படியே செய்தாள். காலையில் எழுந்ததும் சட்டையை அலசி, பிழிந்து, பழைய தண்ணீரை வீட்டுக்குப் பின்னால் ஓடையில் ஊற்றிவிட்டு, புதுத்தண்ணீர் பிடித்துப் போட்டு, காலரையும் கையையும் நீவிவிட்டு, கொஞ்ச நேரம் அதோடு பேசிக்கொண்டிருந்துவிட்டுத்தான் வேலைக்குப் புறப்படுவாள், வெயில் கொளுத்துகிற நாளில் சாயங்காலமும் ஒருதடவை அலசுவாள், வேலைக்கும் வாளியைத் தூக்கிக்கொண்டே போவாள், தூங்கும்போது ஒரு கை வாளிக்குள்ளேயே கிடக்கும், அந்தக் கை எப்போதும் வெளுத்துச் சுருங்கி, அவளைவிட முப்பது வயது மூத்தவளின் கைபோல இருந்தது. அழுவதும் அதற்குள்ளேதான். ஊரும் அதற்குப் பழகிவிட்டது. வழியில் பார்க்கிறவர்கள், ஆஸ்பத்திரியில் கிடக்கிறவனைக் கேட்கிற மாதிரி, "சட்ட எப்படி இருக்கு?" என்று கேட்பார்கள், அவளும் "பரவால்ல" என்பாள். மினிபஸ் கண்டக்டர் வாளிக்கு ஒரு சீட்டு ஒதுக்கிக் கொடுத்தான். அம்பது நாள் ஆயிற்று, எண்பது நாள் ஆயிற்று.

தொம்மையின் அம்மா இசபெல்லம்மாள் மட்டும் பழகவில்லை. கடலில் போய் உடம்பு கிடைக்காதவனுக்கு அவன் கடைசியாகப் போட்ட துணியைச் சின்னப் பெட்டியில் வைத்து அடக்கம் பண்ணுவது எங்கள் ஊரில் உண்டு. ஆனால் ஈரம் நடக்கத் தொடங்கின பிறகு பங்குச் சாமியார் ஒரு சட்டம் போட்டுவிட்டார்: ஈரம் கடலுக்குள் இறங்கினதை நாலுபேர் கண்ணால் பார்த்தால்தான் அடக்கப் பூசை. சட்டை காயாமல் பூசை இல்லை, பூசை இல்லாமல் குழி இல்லை. கல்லறைத் திருநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கு ஊரெல்லாம் அவரவர் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றும்போது அந்த அம்மாள் எங்கே போய் நிற்பாள்?

புரட்டாசி மாசத்தில் ஒருநாள் சலேத் வந்தான். "மயினி, அம்மையப் பாருங்க. சோறு எறங்கமாட்டேங்கு. அவளுக்கு ஒரு எடம் வேணும் மயினி, உக்காந்து அழ ஒரு எடம்."

"அவுக உசுரோட இருந்தா?"

"இருந்தா அதுவும் தெரியட்டும். நான் பேசுன பேச்சுலதான் போனானான்னு எனக்கும் தெரியணும்லா."

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அதுதான் கொடுமை. பேசிக்கொண்டே அவன் வாளியில் கை வைத்துவிட்டான். இழுபறியில் வாளி கவிழ்ந்தது. ராக்கினி சட்டையை வாரிச் சுருட்டி, ஈரச்சாக்கில் பொதிந்து, மார்போடு அணைத்துக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் கொதிக்கிற மணலில் ஐஸ் கம்பெனிக்கு ஓடினாள். நான் பின்னாலேயே ஓடினேன், எனக்கு மூச்சு வாங்கி உயிர் போயிற்று.

ஐஸ் கம்பெனியில் குளிர் அறைகளைப் பார்த்துக்கொள்வது பரமசிவம் அண்ணாச்சி. பேச்சு குறைவு, சித்திரை வெயிலிலும் மப்ளர் கட்டியிருப்பார். ராக்கினி சாக்கைப் பிரித்துக் காட்டினதும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சீசன் இல்லாததால் சும்மா பூட்டிக்கிடந்த சின்ன அறையைத் திறந்தார், உள்ளே ஒரு கொக்கியில் சட்டையை மாட்டினார், நாங்கள் வாசலில் பல்லடிக்க நிற்கும்போதே அது விறைத்துப் பலகையாகிவிட்டது.

"அண்ணாச்சி, இனி இது காயாதுல்லா?"

"ஐஸ் ஆயிட்டா அது கல்லு, தாயி. கல்லு எங்க நடக்கும்?"

எத்தனையோ நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் இரண்டு கையையும் வெளியே வைத்துக்கொண்டு தூங்கினாள். அடுத்த நாள் என் வீட்டுக்கு வந்து மீன்குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள், பூனைகள் ஈரத்தில் பாய்வதைப் பார்த்து ஒருதடவை வாய்விட்டுச் சிரித்தாள். நானும் சந்தோசப்பட்டேன். பாவி, நான் சந்தோசப்பட்டேன்.

கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் மத்தியானம் சலேத்தும், அவன் அம்மாவும், உபதேசியாரும் ஐஸ் கம்பெனிக்கு வந்தார்கள், சலேத்தின் தோளில் புதுப்பெட்டி. சட்டையை வெளியே எடுத்து, வெயிலில் போட்டு, ஊரறிய ஒரு முடிவைத் தெரிந்துகொள்வது என்று வந்தார்கள். இறால் உரிக்கிற பெண்களெல்லாம் கையை உதறிவிட்டு வந்து கூடிவிட்டார்கள். ராக்கினி சின்ன அறைக் கதவில் முதுகை ஒட்டி நின்றாள்.

"மாமி, வேண்டாம்."

இசபெல்லம்மாள், ஐஸ் தண்ணீர் ஓடுகிற அந்தச் சிமெண்டுத் தரையில் முழங்கால் போட்டு, மருமகளின் இரண்டு பாதத்தையும் பிடித்துக்கொண்டாள். ராக்கினி பதறிப்போய் அவளைத் தூக்கக் குனிந்தாள், கதவை விட்டு விலகவேண்டியதாயிற்று. பரமசிவம் அண்ணாச்சி எங்களையெல்லாம் ஒருதடவை பார்த்துவிட்டு, தாழை நீக்கிக் கதவை வெளிப்பக்கமாக இழுத்தார்.

கனத்த கதவு மெல்லத் திரும்பியது, அதன் உள்பக்கம் எங்களைப் பார்த்து வந்தது, அந்த உள்பக்கத்தில் வெள்ளை வெளேரென்று ஒரு ஆள் ஒட்டிக்கொண்டு நின்றது. இரண்டு உள்ளங்கையையும் கதவில் பரப்பி அழுத்தி, ஒரு கன்னத்தைச் சாய்த்து, வெளியே போக வழியில்லாமல் நின்ற இடத்திலேயே உறைந்துபோன உருவம், பூப்பூவாக, உப்புப் பூத்த மாதிரி. உள்ளே கொக்கியில் சட்டை வெறுமையாகத் தொங்கியது. தொட்டுப் பார்த்த அண்ணாச்சி, "காஞ்சு கெடக்கு" என்றார். உருகித் தண்ணீராகித்தான் எதுவும் காயும் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். தண்ணீராகாமலே ஐஸிலிருந்து நேராக எழும்பிப் போவதற்கும் ஒரு வழி உண்டு, குளிருக்குள்ளேயே, இருட்டுக்குள்ளேயே, நாளுக்குக் கொஞ்சம் நாளுக்குக் கொஞ்சமாக அது நடந்துகொண்டே இருக்கும் என்பது எங்கள் யாருக்கும் தெரியாது, இருபத்தாறு நாள் அந்த அறைக்குள் அதுதான் நடந்திருக்கிறது.

உபதேசியார் சிலுவை போட்டுக்கொண்டார். சலேத்துக்குத்தான் முதலில் விளங்கிற்று. அவன் பெட்டியைக் கீழே போட்டான்.

"கடல் அந்தப்பக்கம்லா! பின்சுவர் பக்கம்லா கடல்! இது ஊர்ப்பக்கம், ரோட்டுப்பக்கம் பாத்துல்லா நிக்கி! எங்கண்ணன் இருக்கான்! அம்மா, எங்கண்ணன் இருக்கான்!"

அந்தக் கூட்டத்தில் எழும்பின சத்தத்தை நான் எப்படிச் சொல்ல. இறால் நாற்றமடிக்கிற கையோடு பெண்கள் ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டு அழுதார்கள், குலவையிட்டார்கள், இசபெல்லம்மாள் "ராசா, எம் ராசா" என்று கதவை நோக்கித் தவழ்ந்து போனாள், சலேத் தலையில் தலையில் அடித்துக்கொண்டு, "கோவிச்சுக்கிட்டுத்தானண்ணே போன, வந்துருண்ணே, வலை பூராவும் நீயே வச்சுக்க" என்று அந்த உருவத்திடம் கெஞ்சினான்.

நான் மட்டும் ராக்கினியைப் பார்த்தேன். அவள் அழவுமில்லை, சிரிக்கவுமில்லை. உருவத்தின் தலையையும் தன் தலையையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள், இரண்டும் ஒரே உயரம். பிறகு போய், கதவில் பரந்திருந்த அந்த வெள்ளைக் கைமேல் தன் கையை வைத்தாள். தொம்மைக்குத் துடுப்பு வலித்த கை, முறம்போல அகலம். கதவிலிருந்த கை சின்னது. விரலுக்கு விரல், கணுவுக்குக் கணு, அவள் கை அதில் பொருந்தி உட்கார்ந்தது.

ஒருதடவை அலசினதில் ஆள் போய்விடமாட்டான். நூறு தடவை அலசினால்? அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். பேசாதே என்று நான் தலையை ஆட்டினேன், கண்ணால் கெஞ்சினேன், ஏனென்றால் அவள் வாய் திறக்காவிட்டால் போதும், அவன் உயிரோடிருக்கிறான் என்று ஊர் நம்பும், தாய்க்காரி சோறு தின்பாள், இவளும் யாருக்கும் பதில் சொல்லாமல் காலத்தைத் தள்ளலாம். அந்தக் கையை என்னையும் அவளையும் தவிர வேறு யாரும் கவனிக்கவில்லை.

"மாமி" என்றாள். "இது அவுக இல்ல. இது நான்."

சத்தம் அடங்க நேரமாயிற்று.

"நூறு தடவ நானே அலசி நானே பிழிஞ்சு, அவுக தண்ணி பூராவையும் ஓடையில ஊத்திட்டேன், மாமி. இதுல இருந்தது என் கைத்தண்ணியும் என் கண்ணீரும்தான். அது என்னயத் தேடித்தான் நின்னிருக்கு. கடல் அவுகள எடுத்துச்சோ எடுக்கலையோ எனக்குத் தெரியாது. நான் எடுத்துட்டேன். ஓடை வழியா நானே கொண்டுபோய்க் கடல்ல விட்டுட்டேன்."

சொல்லி முடிக்கும்போது கதவில் வெளிவெயில் பட்டுவிட்டது. உறைபனி உருகவில்லை, ஒரு சொட்டுக்கூடக் கீழே விழவில்லை. அப்படியே வெள்ளையாகக் கதவைவிட்டுப் பிரிந்து, ஒரே ஒரு எட்டு வைத்து, அவளுக்குள் போயிற்று. அவள் உடம்பு தூக்கிப்போட்டது. புரையேறினவளைப்போல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமினாள். யார் சொன்னது தண்ணியை மாத்தச் சொல்லி என்று அவளிடம் யாரும் கேட்கவில்லை, அவளாகவும் என் பக்கம் கை நீட்டவில்லை, இன்றைக்கு வரைக்கும் நீட்டவில்லை. அந்த இடத்தில் நான் செத்திருக்கலாம்.

உபதேசியார்தான் கேட்டார்: "அப்போ தொம்மை இருக்கானா இல்லையாம்மா? பூசைக்கு நான் சாமியார்ட்ட என்ன சொல்ல?"

"தெரியாதுன்னு சொல்லுங்க. இனி யாருக்கும் தெரியாது" என்றாள் ராக்கினி. "அதனால தாலிய நான் கழத்தமாட்டேன். காத்துக்கிட்டும் இருக்கமாட்டேன்."

சலேத் வெறும் பெட்டியைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போனான். மறுநாள் ஊரெல்லாம் கல்லறைத் தோட்டத்துக்குப் போனபோது இசபெல்லம்மாள் அங்கே போகவில்லை. மருமகளின் வீட்டுக்குப் பின்னால் புறப்படுகிற ஓடையின் கரையோடு, சேறும் குப்பையும் பார்க்காமல் நடந்து, அது கடலில் சேருகிற இடத்தில் ஈரமணலில் ஒரு மெழுகுவத்தியை ஊன்றி ஏற்றினாள். காற்றில் அது அணைந்து அணைந்து போயிற்று, அவள் உட்கார்ந்து திரும்பத் திரும்ப ஏற்றினாள். ராக்கினி பக்கத்தில் உட்கார்ந்து கையால் காற்றை மறைத்துக்கொடுத்தாள்.

அதற்கடுத்த நாள் காலையில் நான் மணலில் பாயை விரித்து சாளை கொட்டிக்கொண்டிருந்தபோது அவள் வந்தாள். ஐஸ் கம்பெனிக்கு இனிப் போகவில்லை என்றும், எனக்குச் சம்மதமென்றால் என்னோடு வேலை செய்வதாகவும் சொன்னாள். வெயிலில் வேலை செய்கிற பெண்களெல்லாம் சேலைக்குமேல் ஆம்பளைச் சட்டை போட்டுக்கொள்வதுபோல அவளும் போட்டிருந்தாள், நீலக்கட்டம் போட்டது. அவளுக்கு அது ரொம்பப் பெரிசு, கையை மூன்று மடிப்பு மடித்துவிட்டிருந்தாள். "எங்க இருந்துக்கா ஆரம்பிக்க?" என்று கேட்டாள். நான் கூடையை அவள் பக்கம் தள்ளினேன்.